மேட்டைப் பார்த்து நின்றால் கிளம்பாத வண்டி: பழைய டீசல் வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இங்கே பேசப்படும் வண்டி 2001ஆம் ஆண்டில் பதிவானது. பல பேர் உட்காரக்கூடிய, நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட வண்டி. காமன் ரெயில் அமைப்போ (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் புது முறை) கம்ப்யூட்டர் கட்டுப்பாடோ அதில் கிடையாது. ரோட்டரி பம்ப் ஒன்று, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு நாசிலுக்கும் முறை வைத்து டீசலை அழுத்தி அனுப்பும் பழைய வகை எஞ்சின். சமவெளியில் பல கை மாறி ஓடிய பிறகு, நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரிப் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் அதை வாங்கினார். வாங்கிய நாளில் செல்ஃப் போட்டவுடன் பிடித்துக்கொண்ட எஞ்சின், வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே தகராறு செய்யத் தொடங்கியது. அவர் சொன்ன முறையீடு ஒரே வரிதான்: "குளிர் இருந்தா எடுக்க மாட்டேங்குதுங்க."

என்னிடம் வருவதற்கு முன்பே அந்த வண்டிக்கு நிறையச் செலவாகியிருந்தது. முதலில் பேட்டரி மாற்றப்பட்டது. பிறகு, குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதற்குச் சிலிண்டரைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குகளும் புதிதாகப் போடப்பட்டன. நாசில்களைக் கழற்றிச் சோதித்து, தெளிப்பு சரியாக இருப்பதாகச் சொல்லித் திரும்ப மாட்டியிருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு பழுது அப்படியே இருந்ததால், டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது, அதைக் கழற்றி முழுமையாக ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். இவ்வகை வண்டியில் பம்ப் வேலை என்பது வண்டியின் விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஆகவே பம்ப்பைத் தொடுவதற்கு முன், குற்றம் உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறதா என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அறிந்தாக வேண்டியிருந்தது.

குளிரைச் சந்தேகித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை இருபது மடங்குக்கும் மேலாக அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் எரிபொருள் பற்றுகிறது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு, பிஸ்டன் அதை அழுத்தி முடிக்கும்போது கிடைக்கும் அழுத்தமும் குறைவு. அதோடு மார்கழி, தை மாதக் குளிரும் சேர்ந்தால், சமவெளியில் ஒழுங்காகக் கிளம்பிய பழைய எஞ்சின் மலையில் முரண்டு பிடிப்பது இயல்பே. ஹீட்டர் பிளக்கை முதலில் பார்த்ததில் தவறில்லை. பிளக்கை மாற்றியும் எந்த மாற்றமும் தெரியாதபோது, குளிர் என்ற அனுமானத்தையே திரும்ப எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை.

எனவே கருவிகளை எடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் நீண்ட நேரம் பேசினேன். "எடுக்காத நாளை விடுங்கண்ணா, எடுத்த நாள்ல வண்டி எங்கே நின்னுச்சு, எப்படி நின்னுச்சு?" என்று கேட்டதும்தான் கதை வேறு பக்கம் திரும்பியது. அவர் வீட்டு வாசல் ஒரு சரிவு. வழக்கமாக வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்துவார்; காலையில் எடுக்காது. உறவினர் வீட்டில் இரவு தங்கியபோது பள்ளத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தார். அங்கே இதைவிடக் கடுமையான குளிர், ஆனால் செல்ஃப் போட்டவுடன் கிளம்பியது. இன்னொரு நாள் நல்ல வெயிலில், சந்தைக்குப் போய் மேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு மதியத்துக்கு மேல் வந்து எடுத்தபோது கிளம்பவில்லை. டேங்கில் டீசல் குறைவாக இருக்கும் நாட்களில் தொல்லை அதிகம் என்பதையும், நாம் கேட்டபின் யோசித்துச் சொன்னார். குளிரில் கிளம்பவும் வெயிலில் மறுக்கவும் செய்யும் வண்டிக்குக் குளிர் காரணமாக இருக்க முடியாது. மிஞ்சுபவை மூன்று: நின்ற நேரம், நின்ற சாய்வு, டேங்கில் உள்ள டீசலின் அளவு. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து சுட்டுவது டீசல் லைனைத்தான்.

ஆனாலும் கதையை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது. வண்டியை மேட்டைப் பார்த்து இரவு முழுவதும் நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை யாரும் தொடாத நிலையில் சோதனையைத் தொடங்கினோம். நின்ற நிலையில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. சுற்றும் வேகமும் நன்றாக இருந்தது. ஆகப் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் மூன்றும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கின. ஹீட்டர் பிளக் நான்கின் மின்தடையும் ஒரு ஓமுக்குக் குறைவாகவே இருந்தது; அதாவது அவை நல்ல நிலையில் இருந்தன. அவற்றுக்கு மின்சாரமும் போய்ச்சேர்ந்தது.

அடுத்து பார்த்தது சைலன்சர் வாயை. கிளம்ப மறுக்கும் டீசல் எஞ்சினில் இதைவிட மலிவான, இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு), டைமிங் (டீசல் தெளிக்கப்படும் நேரம்) ஆகியவற்றைத் தேட வேண்டும். புகையே வராவிட்டால் டீசலே போகவில்லை. இந்த வண்டியில் முதல் சுற்றில் துளிப் புகையும் இல்லை. செல்ஃபுக்கு ஓய்வு கொடுத்து மீண்டும் மீண்டும் சுற்றிய பிறகு மெல்லிய வெண்புகை வந்து, ஒரு சிலிண்டர் பற்றி, பிறகு இன்னொன்று பற்றி, குலுங்கிக் குலுங்கி எஞ்சின் உயிர் பெற்றது. ஏறத்தாழ ஒரு நிமிடம் தாறுமாறாக ஓடிவிட்டு, அதன் பின் ஒழுங்கானது. அதன்பிறகு அணைத்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் உடனே கிளம்பியது. கம்ப்ரஷன் போன எஞ்சின் இப்படி நடந்துகொள்ளாது.

டீசல் ஏன் போகவில்லை என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கலாம். ஒன்று, பம்ப்பின் மேலிருக்கும் ஸ்டாப் சொலினாய்டு (சாவியைப் போட்டால் டீசலுக்கு வழிவிடும் மின் வால்வு) திறக்காமல் இருக்கலாம். மற்றொன்று, பம்ப்புக்கே டீசல் வராமல் இருக்கலாம். சாவியைத் திருப்பும்போது சொலினாய்டு "டக்" என்று ஒலித்தது, அதன் முனையில் முழு மின்னழுத்தமும் இருந்தது. பின்னொரு காலை, அதே போல இரவு முழுக்க நின்ற வண்டியில், செல்ஃபைத் தொடாமல் டீசல் ஃபில்டர் தலையில் உள்ள கை பம்ப்பை மட்டும் அழுத்தினோம். முதலில் அது வெறுங்காற்றை அழுத்துவது போல உள்ளே போனது. நிறைய முறை அழுத்திய பிறகே கைக்குக் கனம் தெரிந்தது. கனம் வந்தபின் செல்ஃப் போட்டதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. பம்ப் தேய்ந்திருந்தால் கையால் டீசலைக் கொண்டுவந்து நிறுத்தியதால் மட்டும் குளிர்ந்த எஞ்சின் இப்படிக் கிளம்பியிருக்காது. ஆயிரக்கணக்கில் செலவாக இருந்த ஓவர்ஹால் வேலை இந்த ஒரு சோதனையோடு பேச்சிலிருந்தே விலகியது.

இனித் தேட வேண்டியது காற்று எங்கிருந்து உள்ளே வருகிறது என்பதை. காற்று சிறிதளவு இருந்தாலும் ஏன் எஞ்சின் கிளம்புவதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. நாசில் திறக்க நூறு பாருக்கும் மேல் அழுத்தம் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல் மட்டக் காற்றழுத்தம்). டீசல் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால் பம்ப்பின் சிறு தள்ளலே அந்த அழுத்தத்தை எட்டிவிடும். காற்றோ சுருங்கும், பம்ப் தள்ளும்போது சுருங்கி, விடும்போது விரிந்து, குழாய்க்குள்ளேயே ஊசலாடிக்கொண்டிருக்குமே தவிர நாசிலைத் திறக்காது.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. லைனில் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுக வேண்டுமே, வண்டிக்கு அடியில் ஒரு சொட்டும் இல்லையே என்று கேட்பார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரையிலான லைன் அழுத்தத்தில் இல்லை, உறிஞ்சலில் இருக்கிறது. இளநீர் உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால் இளநீர் வெளியே வருவதில்லை, வாய்க்குள் காற்றுதான் வருகிறது. அதே நிலைதான் இங்கும். எஞ்சின் நின்றபிறகும் அந்த உறிஞ்சல் தீர்வதில்லை. பம்ப் உயரத்தில் இருக்கிறது, டேங்க் தாழ்வில் இருக்கிறது. இடையே தொங்கும் டீசல் தன் எடையால் கீழே இறங்கப் பார்க்கிறது. இந்த வண்டியில் சமதளத்தில் பம்ப்புக்கும் டேங்கின் டீசல் மட்டத்துக்கும் இடையே அரை மீட்டர் அளவு உயர வேறுபாடு. மேட்டைப் பார்த்து நிறுத்தினால் அது ஏறத்தாழ ஒரு மீட்டராகிறது. ஒரு மீட்டர் டீசல் கொடுக்கும் இழுப்பு 0.08 பார்தான். ஆனால் இரவு முழுவதும் இடைவிடாமல் இழுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகவும் காற்று புகுந்து, டீசல் முழுவதையும் டேங்குக்கே திருப்பி அனுப்ப அது போதும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தும்போது டேங்க் மேலேயும் எஞ்சின் கீழேயும் வந்துவிடுகின்றன. இழுப்பு மறைகிறது, பழுதும் மறைகிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது தொல்லை குறைந்ததற்கும் இதுவே விளக்கம்.

காற்று புகும் இடத்தை வரையறுக்க, ஃபில்டருக்கு முன்னால் ஒன்றும் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே ஒன்றுமாக, டீசலைத் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயின் சிறு துண்டுகளை இணைத்தோம். எஞ்சின் ஓடும்போது இரண்டிலும் சிறு குமிழிகள் ஓடின. மேட்டைப் பார்த்து சில மணி நேரம் நின்றபின் இரண்டும் காலியாக இருந்தன. ஃபில்டருக்கு முன்னாலேயே குமிழி வருவதால், பழுது டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையே இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஃபில்டர் தலையின் ஓரிங், கை பம்ப்பின் வால்வு, நாசில்களில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்ப அவற்றுக்கு இடையே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் டியூப்கள் என்று காற்று புகக்கூடிய வேறு இடங்களும் இருக்கின்றன. நின்ற வண்டியில் டீசல் இறங்கிவிட அவற்றில் ஒன்று போதும்.

இந்த ஐயத்தைத் தீர்த்தது கேன் சோதனை. சுத்தமான கேன் ஒன்றில் டீசல் நிரப்பி, புது டியூப் ஒன்றை அதில் விட்டு, நேராக ஃபில்டரின் நுழைவாயில் இணைத்தோம். டேங்கிலிருந்து வரும் பழைய லைன் முழுவதும் தனியே ஒதுக்கப்பட்டது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வசதிக்காகக் கேனை எஞ்சினுக்கு மேலே, பானட்டில் கட்டித் தொங்கவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் டீசல் தானாக இறங்கி வந்து எல்லா ஓட்டையையும் மறைத்துவிடும். சோதனை எதையும் சொல்லாது. கேனைப் பம்ப்புக்குக் கீழே, டேங்க் எவ்வளவு தாழ்வாக இருக்குமோ அவ்வளவு தாழ்வாக, தரையில் வைத்தோம். வண்டி மேட்டைப் பார்த்து இரவு நின்றது. காலையில் தெளிவான குழாய் இரண்டிலும் டீசல் ததும்பி நின்றது. செல்ஃப் போட்டதும் எஞ்சின் கிளம்பியது. ஃபில்டர், கை பம்ப், ரிட்டர்ன் டியூப், பம்ப்பின் சீல் எல்லாமே ஒரே இரவில் குற்றமற்றவை ஆயின. மிஞ்சியது டேங்கிலிருந்து ஃபில்டர் வரை சேசிஸ் ஓரமாக ஓடும் லைன் மட்டுமே.

அந்த லைனின் டேங்க் முனையை அடைத்து, ஃபில்டர் முனையிலிருந்து சைக்கிள் பம்ப்பால் மெதுவாகக் காற்று கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். கம்ப்ரசர் காற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது; டேங்கை இணைத்த நிலையில் எந்தக் காற்றும் கொடுக்கவே கூடாது. டேங்குக்குப் பக்கத்தில், இரும்புக் குழாயும் டேங்கின் குழாயும் சேரும் ரப்பர் இணைப்பில் நுரை பொங்கியது. கிளிப்பைக் கழற்றியபோது, ரப்பர் கல்லாக இறுகி, கிளிப் அழுந்திய வரியில் சுற்றிலும் வெடித்திருந்தது. கசிவு என்று நினைத்து யாரோ கிளிப்பை இறுக்க, இறுக்க அந்த வெடிப்பு ஆழமாகியிருக்க வேண்டும். டீசலுக்கென்று செய்யப்பட்ட புது ஹோஸ் துண்டைப் போட்டோம்.

பழுது பாதி தீர்ந்தது. பாதி தீர்ந்ததை முழுதும் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு இந்த வண்டி நல்ல எடுத்துக்காட்டு. முன்பு சில மணி நேரத்தில் காலியான தெளிவான குழாய், இப்போது மாலை வரை நிறைந்திருந்தது. ஆனால் மேட்டைப் பார்த்து இரவு நின்றபின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. செல்ஃப் நீண்ட நேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடித்தது. டீசல் இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமே ஓட்டையின் அளவுகோல். நேரம் நீண்டிருக்கிறது என்றால் பெரிய ஓட்டை அடைபட்டு, சிறியது ஒன்று இன்னும் இருக்கிறது.

சோப்பு நுரை அதைக் காட்டாததற்குக் காரணம் வண்டியின் அடிப்பகுதியிலேயே இருந்தது. விற்பதற்கு முன் அடிப்பகுதி முழுவதும் கறுப்பு அண்டர்கோட்டிங் புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. சேசிஸ், குழாய், கிளிப் எல்லாமே ஒரே கறுப்புப் பூச்சுக்குள் புதைந்திருந்தன. எனவே தேடும் முறையைத் தலைகீழாக மாற்றினோம். டேங்கை நிரப்பி, வண்டியைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தி, லைனின் நீளத்துக்கு அடியில் செய்தித்தாள் விரித்துவைத்தோம். உறிஞ்சல் இருந்த லைன் இப்போது சிறிய அழுத்தத்துக்கு வந்துவிடும். காற்று உள்ளே போன வழியில் டீசல் வெளியே வந்தாக வேண்டும். காலையில் தாளில் நடுப்பகுதிக்கு நேராக எண்ணெய்க் கறை ஒன்று படிந்திருந்தது. அந்த இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது, இரும்புக் குழாயைச் சேசிஸில் பிடித்துவைக்கும் கிளிப் ஒன்று வெளிப்பட்டது. கிளிப்புக்குள் இருந்த ரப்பர் உறை ஆண்டுக்கணக்காக மண்ணையும் ஈரத்தையும் தேக்கிவைத்து, அதற்குள் இருந்த குழாயைத் துருவால் அரித்திருந்தது. ஊசி நுழையாத அளவு ஓட்டை. வெளியே தெரியும் இடமெல்லாம் குழாய் நன்றாக இருந்தது. கண்ணில் படாத அந்த ஓர் அங்குலத்தில்தான் கெட்டிருந்தது.

ரப்பர் ஏன் இப்படி இறுகுகிறது என்பதற்கு வயது, சூடு ஆகியவற்றோடு எரிபொருளுக்கும் பங்குண்டு. பழைய வண்டிகளின் ஓரிங்குகளிலும் சீல்களிலும் பயன்பட்ட நைட்ரைல் ரப்பர், டீசலில் உள்ள அரோமேட்டிக் சேர்மங்களை உறிஞ்சிச் சற்றே உப்பி நிற்கும். அந்த உப்பலோடுதான் அது தன் இருக்கையில் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். அச்சேர்மங்கள் குறைந்த டீசலுக்கு மாறும்போது அது சுருங்குகிறது. முதுமையில் நெகிழ்வை இழந்த ரப்பரால் அந்தச் சுருக்கத்தை ஈடுகட்ட முடிவதில்லை. டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் இந்தச் சேர்மங்களும் குறையக்கூடும். 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் கட்டாயமானபோது பழைய வண்டிகளின் பம்ப் சீல்கள் கசிந்தது பரவலாகப் பேசப்பட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 தர டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது. காற்று நலத்துக்கு இது மிக நல்லது. அதேவேளை இருபது வயதைக் கடந்த டீசல் வண்டியை வைத்திருப்பவர்கள் லைனிலுள்ள ரப்பர் அத்தனையையும் ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது.

இந்த வண்டிக்கு இடையில் சிலர் சொன்ன வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்று ஃபில்டர் வழியாக ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ பெட்ரோலோ அடித்துக் கிளப்பிவிடலாம் என்று உரிமையாளருக்கு அறிவுரை வந்திருந்தது; நல்லவேளையாக அவர் அதைச் செய்யவில்லை. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் எஞ்சினுக்குள் இவை போனால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடித்து, ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடக்கூடும். டீசல் லைன் பழுதாக வந்த வண்டி எஞ்சின் பழுதாகத் திரும்பிப் போகும். இறக்கத்தில் உருட்டிக் கிளப்புவது அந்த அளவுக்குத் தீங்கானதல்ல என்றாலும், மலையில் அது வேறு வகையில் ஏமாற்றும்: உருட்டும்போது வண்டி பள்ளத்தைப் பார்க்கிறது, எஞ்சினும் செல்ஃப் சுற்றுவதைவிட வேகமாகவும் நீண்ட நேரமும் சுற்றுகிறது, பம்ப் எப்படியோ டீசலை இழுத்துக்கொள்கிறது. குற்றம் செல்ஃபில் இருப்பது போலத் தோன்றும்.

பழைய டீசல் வண்டியை வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது இந்த நிகழ்விலிருந்தே தெரிகிறது. உரிமையாளர் பார்க்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. வண்டி சமதளத்தில் நின்றது. டேங்க் பாதிக்கு மேல் இருந்தது. அடிப்பகுதி புதுப் பூச்சில் பளபளத்தது. இவற்றில் எதையும் யாரும் வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் முந்திய இரவு மேட்டைப் பார்த்து நிறுத்தச் சொல்லி, காலையில் பானட்டைத் தொட்டு எஞ்சின் குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, அதன்பின் செல்ஃப் போடச் சொல்லியிருந்தால் பழுது அங்கேயே வெளிப்பட்டிருக்கும். அடியில் மட்டும் புதிதாகப் பூசியிருக்கும் பழைய வண்டியை நான் எப்போதும் கூடுதல் நேரம் எடுத்துப் பார்ப்பேன்.

அரித்த பகுதியை ஒட்டுப்போடாமல், டேங்க் இணைப்பிலிருந்து ஃபில்டர் வரை முழுக் குழாயையும் மாற்றினோம். ஓர் இடத்தில் துரு துளைத்த குழாயில் அடுத்த கிளிப்பும் அதே நிலைக்கு வரும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்கவில்லை. கிளிப்புகளின் ரப்பர் உறைகள், பேங்கோ போல்ட்டுகளின் (டீசல் தன் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்டுகள்) செம்பு வாஷர்கள், நாசில்களின் ரிட்டர்ன் டியூப்கள் ஆகியவையும் புதிதாயின. வாஷர்களும் டியூப்களும் குற்றமற்றவை என்று தெரிந்தும், விலை குறைவு, வயது அதிகம் என்ற காரணத்தால் மாற்றினோம். பம்ப்பின் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பவில்லை. டேங்கில் கால்பங்கு டீசலோடு, மேட்டைப் பார்த்து, தொடர்ந்து பல இரவுகள் நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு காலையும் தெளிவான குழாய்கள் நிறைந்திருந்தன, எஞ்சினும் முதல் சுற்றிலேயே பிடித்தது. தெளிவான பிளாஸ்டிக் எஞ்சின் சூட்டில் நாளடைவில் இறுகி வெடித்து அதுவே புதிய காற்று வழியாகிவிடும் என்பதால், சோதனை முடிந்ததும் அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டு, சரியான ஹோஸைப் போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம்.